முட்டி ஜவ்வு கிழிந்தால் யார் காத்திருக்கிறார்கள்: டபிள்யூடபிள்யூஇயா, ஏஇடபிள்யூவா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் எல்லாரும் கூடினால், டபிள்யூடபிள்யூஇ, ஏஇடபிள்யூ என்ற இரண்டு அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனிகளில் எது மேல் என்ற பேச்சு வராமல் போகாது. டர்பனிலேயே இருக்கும் பீனிக்ஸிலிருந்து வரும் அண்ணன், பெரியம்மா மகன், ஏஇடபிள்யூ கட்சி. நான் சின்ன வயதிலிருந்து தென்னாப்பிரிக்க சேனல் இ.டிவியில் பார்த்து வளர்ந்தவன், டபிள்யூடபிள்யூஇயை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஃபுட்பால் ஆடும்போது எனக்கே ஏசிஎல் என்ற முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆன பிறகு, யார் மேட்ச் நன்றாக இருக்கிறது என்பதைவிட, அடிபட்ட காலுக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள் என்றுதான் கண் போகிறது.

முதலில் டபிள்யூடபிள்யூஇ வீரர் சேத் ராலின்ஸ். 2015 நவம்பர் 4, டப்ளினில் கேன் என்ற வீரருடன் மோதும்போது வலது முட்டியில் ஏசிஎல், பக்கவாட்டு ஜவ்வான எம்சிஎல், மெத்தை போன்ற மெனிஸ்கஸ் மூன்றும் போயின. உலக சாம்பியன் பெல்ட்டைத் துறந்தார். 2016 மே 22 அன்று திரும்பிவிட்டார், ஆறரை மாதம்தான். அன்று நான் எழுந்து நின்று கத்தினேன். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஏனென்றால் ஆபரேஷனில் பெரும்பாலும் கிழிந்த ஜவ்வைத் தைப்பதில்லை, நம் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள், அது ஜவ்வாக மாற மாதக்கணக்காகும், ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆடப் போனால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம் என்று என் பிசியோ திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்கு இது ஏழாவது மாதம், டர்பன் கடற்கரை நடைபாதையில் மெதுவாக ஓட மட்டுமே அனுமதி. ராலின்ஸுக்கு 2017 ஜனவரியில் அதே முட்டி மறுபடி அடிபட்டது. அவசரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஏப்ரல் 2ஆம் தேதியே அவர்களின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ட்ரிபிள் எச் என்ற வீரருடன் ஆடினார்.

அதே கம்பெனிதான் ஷார்லட் ஃபிளேர் என்ற வீராங்கனைக்குக் காத்திருந்தது. 2023 டிசம்பரில் அவருக்கும் இதே மூன்றும் கிழிந்தன, 2025 பிப்ரவரி 1 அன்றுதான் திரும்பினார், அன்றே ராயல் ரம்பிள் என்ற பெரிய போட்டியையும் வென்றார். ஆக, முடியாது என்றில்லை.

அண்ணன் தரப்பில், ஏஇடபிள்யூ வீராங்கனை கிரிஸ் ஸ்டாட்லாண்டர். 2020இல் ஒரு முட்டி, 2022இல் இன்னொரு முட்டி, இரண்டும் ஏசிஎல். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டு, 2023 மே மாதம் வந்த அன்றே, 60 மேட்சாகத் தோற்காத ஜேட் கார்கிலைச் சாய்த்து டிபிஎஸ் என்ற பெண்கள் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். ஒருவரை வைத்து ஒரு கம்பெனியை எடைபோட முடியாதுதான். ஆனாலும் டிவியில் வராமல் ஊர் ஊராகப் போய் நடத்தும் ஹவுஸ் ஷோ ஏஇடபிள்யூவில் மிகக் குறைவு, அந்த ஓய்வு முட்டிக்குப் பெரிய விஷயம். வசதி என்று பார்த்தால் டபிள்யூடபிள்யூஇ பக்கம்தான் கனம், ஆர்லாண்டோவில் 2013இலிருந்தே தனிப் பயிற்சி மையம் நடத்துகிறார்கள்.

நம்பிக்கை விஷயத்தில்தான் எனக்கு மனசு நொந்தது. 2025 ஜூலையில் ராலின்ஸ் முட்டி போனது போல நொண்டினார், நான் உண்மையென்று நம்பி வருந்தினேன். ஆகஸ்ட் 2, சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஊன்றுகோலை வீசிவிட்டு சிஎம் பங்க் என்ற வீரரிடமிருந்து பெல்ட்டைப் பிடுங்கினார், காயமே நடிப்பு.

"தம்பி, கதைக்காகத்தானே செய்தார்கள், நல்ல கதைதானே?" என்றார் அண்ணன், ஏஇடபிள்யூ கட்சிக்காரரே. கதை நல்ல கதைதான். ஆனால் அடுத்த முறை அந்த ரிங்கில் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஸ்டாட்லாண்டர் விழுந்தால் அப்படி வராது.