‘பெட்டி பிரிக்கவே இல்ல’ என்றால் நம்பாதீங்க: இருட்டறை பேப்பரில் 340 வெள்ளி போச்சு

340 வெள்ளி. ஃபிலிம் படங்களை இருட்டறையில் அச்சிடும் பேப்பரையும் மருந்தையும் வாங்கி ஏமாந்த சிங்கப்பூர்க் காசு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த விளம்பரம் இன்று காலையும் அப்படியே கிடக்கிறது. அதே படம், அதே “பிரிக்காத பெட்டி, கடைசி ஸ்டாக்”. கறுப்பு வெள்ளையில் தாங்களே பிரிண்ட் போடுகிறவர்கள் சிங்கப்பூரில் ஒரு கைப்பிடி பேர்தான். அடுத்து மாட்டப்போவது உங்களில் ஒருவர். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

இடம், பழைய சாமான் கைமாற்றும் செயலி ஒன்று. பெயர் வேண்டாம், எல்லார் போனிலும் இருப்பதுதான். சரக்கு: இல்ஃபோர்ட் மல்டிகிரேட் ஆர்சி (பிளாஸ்டிக் பூசிய) பேப்பர், 8×10 அங்குலம், நூறு தாள் பெட்டி இரண்டு, 220 வெள்ளி. ஃபைபர் பேப்பர் ஐம்பது தாள், 70. படத்தைத் தெரியவைக்கும் பேப்பர் டெவலப்பர் பவுடர் ஒரு பாக்கெட், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ஒரு லிட்டர், இரண்டும் சேர்த்து 50. கூட்டினால் 340. கடை விலையைவிடக் குறைவு, ஆனால் சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைவு இல்லை. விவரமான ஆள்.

நம்ப வைத்தது விலை அல்ல, பேச்சு. எந்த சேஃப்லைட் (பேப்பரைக் கெடுக்காத மங்கல் விளக்கு)? “ஆம்பர், அண்ணே, பதினஞ்சு வாட்.” எங்கே வைத்திருந்தீங்க? “டிரை கேபினட்லதான்.” டெக்டால் டெவலப்பரை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டுக் கலக்கணும் என்று கேட்காமலே சொன்னார். மாமாவின் ஸ்டூடியோ சரக்காம். இந்தப் பாஷை தெரிந்தவன் இந்த வேலை செய்யமாட்டான் என்று ஒரு நினைப்பு. செயலிக்குள்ளேயே பணம் கட்டும் வசதி இருந்தது. “அதுல கமிஷன் பிடிப்பாங்க அண்ணே, பேநவ் போட்டுடுங்க” என்றதும் அவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போட்டாச்சு. தோ பாயோ எம்ஆர்டி வாசலில் பை கைமாறியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கே நின்று எதைச் சோதிப்பது? மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பேப்பரை வெளிச்சத்தில் பிரித்தால் அந்த நொடியே செத்தது. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான்.

சேஃப்லைட்டில் பிரித்ததும் முதல் பெட்டி கதையைச் சொல்லிவிட்டது. வெளி பிளாஸ்டிக் உறையே கைவேலை, அடியில் கோணல்மாணலாக உருகிய தையல். உள்ளே கறுப்புப் பையின் வாயில் பழைய செலோடேப், இரண்டு முறை உரித்து ஒட்டிய தடம். எண்ணினால் 71 தாள். இரண்டாவதில் 64. ஹைப்போ பாட்டிலின் அடியில் மஞ்சள் துகள், மூடியைத் திறந்தால் அழுகின முட்டை. கந்தகம் பிரிந்துவிட்டது, ஒன்றுக்கும் ஆகாது. டெவலப்பர் பவுடர் வெள்ளையாக இருக்கணும், மிஞ்சினால் லேசான சந்தன நிறம். இது அச்சு வெல்லம் மாதிரி பழுப்பாகக் கட்டிக் கிடந்தது.

தாள் குறைந்தால்கூடப் போகட்டும். இருப்பதாவது வேலை செய்ததா? ஒரு தாளின் நடுவிலிருந்து இரண்டு துண்டு வெட்டணும். ஓரத்தில் வெட்டக்கூடாது, காற்று பட்டு ஓரம்தான் முதலில் கெடும். சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, ஒரு துண்டு நேராகப் புது ஹைப்போவுக்கு. இன்னொன்று புது டெவலப்பரில் 20 டிகிரியில் ஒன்றரை நிமிடம், பிறகு ஹைப்போ. நம்ம குழாய்த் தண்ணீர் 28 டிகிரிக்குப் பக்கம் இருக்கும், அதனால் டிரேயைப் பெரிய தொட்டியில் வைத்து ஐஸ் பாட்டில் மிதக்கவிடணும். டெவலப்பர் சூடாக இருந்தால் நல்ல பேப்பரிலும் லேசாகச் சாம்பல் ஏறும், அப்புறம் சோதனைக்கே அர்த்தம் இல்லை. விளக்கைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் துண்டு பால் வெள்ளை. இரண்டாவது மழைமேகம். வெளிச்சமே படாத தாள், டெவலப்பர் பட்டதும் சாம்பலாகிறது. பல வருடம் சூட்டில் கிடந்தால் வெள்ளி உப்புத் துகள்கள் ஒளி படாமலே டெவலப் ஆகிவிடும். ஃபாக் என்பது அதுதான். ஃபில்டர் மாற்றி கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாட்டை, கூட்டிக் குறைக்கும் மல்டிகிரேட் பேப்பர் என்றால் அதுவும் சேர்ந்து போகும். ஆக அழுத்தமான ஐந்தாம் நம்பர் ஃபில்டர் போட்டாலும் நடுத்தரமான இரண்டாம் நம்பர் மாதிரிச் சப்பென்று விழும்.

இதைப் படம் எடுத்து அனுப்பினால் வந்த பதில்: “உங்க சேஃப்லைட் சரியில்ல அண்ணே.” கும்மிருட்டில் செய்த சோதனைக்கு! சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று புது பேப்பர் ஒரு துண்டு, மேலே ஒரு ஐம்பது காசு, சேஃப்லைட்டுக்கு அடியில் ஐந்து நிமிடம். விளக்கு கசிந்தால், டெவலப் செய்யும்போது காசு இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாகத் தெரியும். தெரியவில்லை. துண்டு முழுக்க வெள்ளை. அதே டெவலப்பர், அதே ஹைப்போ.

அடுத்த பதில், “சிங்கப்பூர் சூடு அண்ணே, நான் என்ன பண்றது?” அப்படியானால் டிரை கேபினட்? அது ஈரத்தைத்தான் எடுக்கும், குளிர வைக்காது என்று இப்போது எனக்கே பாடம். அதற்கடுத்த நாள், “நீங்க பெட்டியைப் பிரிச்சிட்டீங்க, பிரிச்ச பேப்பரைத் திரும்ப வாங்க முடியாது.” பிரிக்காமல் கெட்டதா என்று தெரியாது, பிரித்தால் திருப்பித் தரமுடியாது. நல்ல சட்டம்! அப்புறம் என்னை பிளாக் பண்ணிட்டார். செயலிக்காரர்களுக்கு எழுதினால், வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்த மாதிரி நாலு வரி, மூன்று முறை.

ஃபாக்கைக் குறைக்கும் பென்சோட்ரையசோல் மருந்தை டெவலப்பரில் போடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு சதவீதக் கரைசல் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி விட்டால் சாம்பல் கொஞ்சம் அடங்கும், நிஜம்தான். பேப்பரின் வேகமும் குறையும், போன கான்ட்ராஸ்ட் திரும்பி வராது. லூமன் பிரிண்டுக்கு (டெவலப்பர் இல்லாமல் வெயிலில் வைத்தே படம் போடுவது) ஆகுமே என்றார் இன்னொருவர். ஆகும். அதற்கு 340 வெள்ளியா?

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன் என்றேனே, இதோ. பேப்பரை மட்டும் தனி ஆளிடம் வாங்காதீங்க, புதுசே வாங்குங்க, இருபத்தைந்து தாள் பாக்கெட்டாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கித்தான் ஆகணும் என்றால், ஒரே ஒரு தாளை இருட்டில் எடுத்துக் கறுப்புப் பையில் முன்னாடியே கேளுங்க, மேலே சொன்ன இரண்டு துண்டு சோதனையைச் செய்துவிட்டு மீதிப் பணம். கோடாக் கறுப்பு வெள்ளை பேப்பர் தயாரிப்பை 2005-லேயே நிறுத்திவிட்டது, ‘ஃப்ரெஷ் கோடாக்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்க. மல்டிகிரேட் IV என்று போட்ட பெட்டியும் பழசுதான், இப்போது வரும் பெட்டியில் அந்த IV இருக்காது. வெளிநாட்டுக் கடையில் பேப்பர் எடுத்தால் 9 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கில் சேருங்க. திரவ மருந்தை விமானத்தில் அனுப்பத் தயங்குவார்கள், அதை இங்கேயே பாருங்க. ஹைப்போ பாட்டிலை வாங்கும் இடத்திலேயே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்க. செயலிக்கு வெளியே பணம் வேண்டவே வேண்டாம்.

இன்னும் இருக்கிறது, சிறு தொகை வழக்கு மன்றமான ஸ்மால் கிளைம்ஸுக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதிவாரியாக அடுக்கணும். அதற்கு அந்த ஆளின் முழுப்பெயரும் முகவரியும் வேணுமாம். பேநவ் ரசீதில் பெயர் மட்டும்தான் இருக்கிறது.