நின்றுபோன பத்மினி காரை ஓட வைத்துத் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்கும் முன்

பழைய ஃபியட், பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு எதையாவது ஷெட்டில் போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

மயிலாப்பூரில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றிருந்த ஒரு பிரிமியர் பத்மினி, புறநகரில் ஒரு ஷெட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. முதலில் பேசியது 40,000 ரூபாய், கடைசியில் வாங்கியது 1,35,000. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. அடையாறு பாலம் ஏறுவதற்குள் திணறி நின்றுவிடுகிறது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

ஏமாற்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் ஆரம்பிக்கிறது. என்ஜின் ஓடுகிறது, பக்கத்தில் "சவுண்டு கேளுங்க சார், சும்மா வெண்ணெய் மாதிரி" என்று குரல். உற்றுப் பார்த்தால் பானட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. அதிலிருந்து டியூப் நேராக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குப் போகிறது. பாட்டில் பெட்ரோலில் ஓட்டிப் பார்ப்பது தப்பே இல்லை, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிய நல்ல மெக்கானிக்கும் அதைத்தான் செய்வார். ஆனால் டேங்க், லைன், பம்ப் மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்த வீடியோ சொல்லாது. அதைப் பார்த்துத்தான் பாதிக்கு மேல் பணம் போயிருக்கிறது.

பில்லில் "டேங்க் கிளீனிங் 6,500". டேங்கில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை யூனிட்டைப் பிடித்திருக்கும் திருகுகளின் மேல் பழைய பெயின்ட் கீறல்கூட விழவில்லை. கழற்றி டார்ச் அடித்தால் அடியில் காப்பிப்பொடி நிறத்தில் துரு. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி உள்ளே ஒட்டியிருக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை உள்ள எத்தனால் அந்தப் பிசினைக் கரைத்துக் கிளப்பும், ஈரத்தையும் இழுக்கும். ஐடிலிங்கில் தேவைப்படும் கொஞ்சம் பெட்ரோல் ஃபில்டர் வழியே எப்படியோ வந்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வராது. பாலத்தில் வண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, துரு போனதும் கழுவி, ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும். ஊசித்துளை இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்ற வைக்கலாம். எம்-சீல் தடவுவதெல்லாம் நிற்காது. ஆவி போகக் கழுவாத டேங்கில் வெல்டிங் பக்கமே போகக் கூடாது, வெடிக்கும். ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் இ20 தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மீட்டருக்குச் சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் டயாஃப்ரம் என்ற சவ்வு வருஷக்கணக்கில் காய்ந்து விறைத்திருக்கும், ஓட ஆரம்பித்ததும் கிழியும். கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். இந்த வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுகிறது. இந்த ஆயிலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அப்போது வெட்டியான செலவு நிஜமான செலவாகியிருக்கும்.

பெரிய தொகை என்ஜினில்தான். "போர், பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங் 62,000". போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. பிளக் துளை வழியாக எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தோம். நாலு பிஸ்டன் தலையிலும் கரி மொத்தையாகப் படிந்திருக்கிறது. ஷெட்டிலிருந்து வீடு வரைக்கும் மட்டும் ஓடிய புது பிஸ்டனில் அப்படிப் படியாது. ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையில் அளவு பொறித்திருக்கும், பேரிங் ஷெல் என்றால் முதுகில் பொறித்திருக்கும். ஹெட் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஹெட்டையே கழற்றாமல் போர் போட்டிருக்கிறார்கள் போல!

அந்த வேலை தேவைதானா என்றும் யாரும் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதில் 1, 2, 4ஆவது சிலிண்டர்களில் 125 முதல் 130 பிஎஸ்ஐ, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 85. அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தோம், ஏறவில்லை. ஏறியிருந்தால் ரிங் தேய்மானம். ஏறாததால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்து சிலிண்டர்கள் சரியாக இருப்பதால் வால்வின் மேல்தான் சந்தேகம். ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங் செய்தால் முடிகிற விஷயம்.

பல வருஷம் நின்ற என்ஜினில் நேராகச் செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் உடையும், வால்வு சிக்கியிருந்தால் அதை இயக்கும் புஷ்ராடு கம்பி வளையும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குப் பத்துப் பதினைந்து மில்லி மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற வைக்கணும். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைக்கணும். ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டால் வால்வுகள் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி, ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் பற்ற வைக்கும் பேச்சு. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டைத் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி வைத்து, கண்டென்சரைப் புதிதாகப் போட்டால் ஸ்பார்க் பெரும்பாலும் வந்துவிடும்.

கார்பரேட்டரும் மாறிவிட்டது. போனது ஒரிஜினல் சோலெக்ஸ், வந்திருப்பது டூப்ளிகேட். த்ராட்டில் ஷாஃப்ட் ஆட்டம் காண்கிறது. அடி கேஸ்கெட் ஓரத்தில் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் ஐடிலிங் ஏறுகிறது, அதாவது காற்று உறிஞ்சுகிறது. அதை மறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஷெட்காரரிடம் கேட்டதற்கு, "பழசு புதுப்பேட்டைக்குப் போயிடுச்சு சார்" என்று பதில், அதாவது பழைய பாகங்கள் விற்கும் சந்தைக்கு. வண்டியை விடும் முன் கார்பரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், டைனமோ, லென்ஸ், வீல் கப் எல்லாவற்றையும் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். என்ஜின் நம்பரையும் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் மாறியிருந்தால் ஆர்சி புதுப்பிக்கும்போது ஆர்டிஓவில் மாட்டும்.

இவ்வளவு பெரிய பில்லில் பிரேக்குக்கு ஒரு வரிகூட இல்லை. நாலு சக்கரமும் டிரம். வீல் சிலிண்டர் ஒன்று இறுகிக் கிடக்கிறது. ஹோஸ் உள்ளே உப்பியதால் பெடலை விட்ட பிறகும் முன் இடது சக்கரம் பிடித்தபடியே இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் டிரம் கொதிக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கிட், ஹோஸ், டாட் 3 ஆயில், இதெல்லாம் வண்டி கேட்டைத் தாண்டும் முன் முடிய வேண்டிய வேலை. டயரில் பட்டன் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் 2312 என்று இருந்தால் 2012ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. மாற்றியே தீர வேண்டும்.

எஸ்டிமேட்டை ஒரே தொகையாக ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பரிசோதனைக்கு மட்டும் பணம்: கம்ப்ரெஷன் எண்கள், டேங்கின் உள் போட்டோ, நாலு டிரம்மும் திறந்த போட்டோ. போர் போடுவதானால் லேத் பட்டறையின் பில் தனியாக வேண்டும். கழற்றிய பிஸ்டன், ஷெல், டயாஃப்ரம் எல்லாம் ஒரு சாக்கில் கைக்கு வர வேண்டும். "புதுசு போட்டேன்" என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய பில்லும் டப்பாவும் எங்கே என்று கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எஸ்டிமேட் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், யுபிஐ ரசீதுகள், எண்டோஸ்கோப் படங்கள், இன்னொரு மெக்கானிக் கையெழுத்திட்டுத் தரும் அளவுகள் ஆகியவற்றை இணையுங்கள். இவை கைக்கு வரும் வரை வண்டியில் வேறு யாரையும் கைவைக்க விடாதீர்கள்.