நீர்மட்டமா, நீரின் வேகமா: பங்கீட்டுக்கு ஏற்ற அளவீடு எது?

ஆற்றுப் படுகையில் யார் எப்போது மதகைத் திறக்கலாம் என்பதை அன்றாட நீரோட்டத்தை வைத்தே தீர்மானிப்பது என்று முடிவானதும், அந்த நீரோட்டத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி எங்கள் முன் வந்தது. நீர்மட்டத்தைப் பதிவு செய்து, அவ்வப்போது கரண்ட் மீட்டரால் (நீரில் இறக்கி வேகம் அளக்கும் கருவி) எடுத்த நேரடி அளவீடுகளைக் கொண்டு, எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீரோட்டம் என்று வரைந்த வளைகோட்டின் வழியாக அதைக் கன அடியாக மாற்றுவது ஒரு வழி. கரையிலோ பாலத்தூணிலோ பொருத்திய டாப்ளர் கருவி ஒலியலை அனுப்பி, நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து நீரின் வேகத்தையே அறிவது மற்றொன்று. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

இரண்டுமே 15 நிமிடத்துக்கு ஒரு முறை தரவு தரும், தொலைவுக்கும் அனுப்பும். விலையில் டாப்ளர் கருவி அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் தலைப்பில் எடுக்கும் நீரை அளப்பதற்கு இந்த இரண்டுமே வேண்டாம், பார்ஷல் தொட்டி (நடுவில் குறுகிய, நீர்மட்டத்தைக் கொண்டே ஓட்டத்தை அறிய உதவும் அளவைத் தொட்டி) போதும். ஆற்றில் எவ்வளவு வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வெள்ளம் ஓடும்போது பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. ஆறு வற்றி, பிந்திய உரிமைக்காரரின், அதாவது நீர் உரிமையைப் பிறகு பெற்றதால் முந்தியவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியவரின், மதகை மூடச் சொல்லும் நாளில்தான் அளவின் மீது சண்டை வரும். வளைகோடு மிகவும் பலவீனமாக இருப்பதும் அந்த நாளில்தான். அளவுகோலுக்குச் சற்றுக் கீழே, நீரைத் தடுத்து மட்டத்தை நிலைநிறுத்தும் படுகை மேட்டின் மீது 20 சென்டிமீட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். அந்த மேட்டில் 3 சென்டிமீட்டர் மணல் படிந்துவிட்டால், அதே நீரோட்டத்துக்கு மட்டம் 3 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். நீரோட்டம் ஆழத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்பக் கூடும் மேடாக இருந்தால், பழைய வளைகோடு உண்மையைவிட ஏறத்தாழ 23 சதவீதம் அதிகமாகக் காட்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அதே மணல் உண்டாக்கும் பிழை இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும். இல்லாத அந்த 23 சதவீதத்தை நம்பி மேலே ஒரு மதகைத் திறந்துவிட்டால், கீழே முந்திய உரிமையோடு காத்திருப்பவருக்குத்தான் வாய்க்கால் காய்கிறது. கோடையில் படரும் பாசியும், மேட்டில் சிக்கும் சருகும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே வறண்ட மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஆற்றில் இறங்க வேண்டும். குறுக்குவெட்டை இருபத்தைந்து முப்பது செங்குத்துக் கோடுகளாகப் பிரித்து, ஆழமற்ற இடத்தில் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் வேகம் எடுத்து, வளைகோட்டுக்கு அன்றைய திருத்தம் போட வேண்டும். இந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் பலர் டாப்ளர் கருவியை நாடுகிறார்கள். ஆனால் அந்தக் கருவி அறிவது தன் அலை செல்லும் பாதையில் உள்ள வேகத்தை மட்டுமே. அதை ஆறு முழுவதற்குமான சராசரியாக்க அதே போன்ற நேரடி அளவீடுகள் வேண்டும், மணல் நகர்ந்தால் குறுக்குவெட்டையும் மறுபடி அளக்க வேண்டும். போதாததற்கு, ஆழம் குறைந்ததும் ஒலியலை நீர்ப்பரப்பிலோ படுகையிலோ மோதிவிடுகிறது. தெளிந்த நீரில் எதிரொலிக்கத் துகள்களும் போதாது. நாங்கள் சோதனைக்கு வாங்கிப் பொருத்திய கருவி, மதகு மூடும் நாள் நெருங்கிய வாரத்தில்தான் வெற்றுப் பதிவுகளை அனுப்பத் தொடங்கியது. ஒரே கருவி, ஒரே கோடை என்பதால் இதைப் பொது விதியாகச் சொல்ல மாட்டேன். ஆழமும் வண்டலும் உள்ள பெரிய ஆறுகளில் அனுபவம் வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, சான்று. கல்லில் பதித்த அளவுகோலைக் கடைமடைக்காரரும் தாமாகவே படித்து, திருத்தப் பட்டியலைப் பார்த்து, எங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியும். டாப்ளர் அனுப்பும் எண்ணை அவர் நம்பலாம் அல்லது நம்பாமலிருக்கலாம், அவ்வளவுதான்.

பதிவின் தொடர்ச்சியும் சிறிதல்ல. அமெரிக்காவில் 1922 ஆம் ஆண்டின் கொலராடோ ஆற்று ஒப்பந்தம், மேல் படுகைக்கும் கீழ்ப் படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர்) என்று பங்கிட்டது. அதற்கு ஆதாரமான பதிவுகள் குறுகியவை, அவை எடுக்கப்பட்ட ஆண்டுகளோ வழக்கத்துக்கு மீறிய ஈர ஆண்டுகள் என்பதைப் பின்னாளில், ஈர ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பதிந்து வைத்திருக்கும் மர வளையங்கள் காட்டின. அந்த ஆறு இன்றும் எழுதிய பங்கை நிரப்பத் திணறுகிறது. பல ஆண்டு நீர்மட்டப் பதிவு கையில் இருக்கும் இடத்தில், புதிய கருவிக்காக அந்தத் தொடரை அறுக்க எனக்கு மனமில்லை.

ஒரு நிலையில் மட்டும் வாதத்துக்கே இடமில்லை. கீழே அணையோ, ஆறு கலக்குமிடமோ இருந்து நீர் பின்னோக்கித் தேங்கினால், ஒரே மட்டத்துக்கு வெவ்வேறு நீரோட்டங்கள் இருக்கும். அங்கே எவ்வளவு திருத்தினாலும் வளைகோடு உதவாது. எங்கள் மூன்று நிலையங்களில் கூடுமிடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒன்று அப்படிப்பட்டது, அங்கே ஆழமும் போதுமான அளவு உண்டு. அந்த ஒன்றில் மட்டும் டாப்ளர் கருவியை வைத்து, அருகிலேயே அளவுகோலையும் பதித்திருக்கிறோம்.