சைபர் இல்லாத பாய்: இரண்டு வருடம் குதித்த பிறகு

திருவொற்றியூரில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தர் போன வாரம் போன் செய்தார். "டீச்சர், உங்க வாய்ப்பாட்டுப் பாய் எப்படி இருக்கு? நானும் ஒண்ணு அடிக்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. தண்டையார்பேட்டையில் லாரித் தார்ப்பாய் தைக்கும் அண்ணனிடம் அந்தப் பாயைத் தைக்கக் கொடுத்துவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொன்ன பதிலில் கோபம் கொஞ்சம் கூடுதல். ஆற அமர எழுதிப் பார்க்கிறேன்.

பாய் என்று பிள்ளைகள்தான் சொல்கிறார்கள், அது ஃப்ளெக்ஸ். பத்தடிக்குப் பத்தடி, ஓரடிக் கட்டம் நூறு, கட்டத்துக்கு ஓர் எண். வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே விடை இருக்கும் கட்டங்களில் பிள்ளைகள் குதிக்கவேண்டும். 2023-இல் எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தபோது கைக்காசில் அடித்தது. சதுர அடி 12 ரூபாய், மொத்தம் 1,200.

நான் கேட்டது 0 முதல் 99 வரை. தாளில் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் சைபரை எழுதித்தான் கொடுத்தேன். வாங்கப் போனால் 1 முதல் 100 வரை அடித்து வைத்திருக்கிறான் கடைப் பையன். "சைபர்ல யாராச்சும் எண்ண ஆரம்பிப்பாங்களா மேடம்? தப்பா எழுதிட்டீங்கன்னு நானே கரெக்ட் பண்ணிட்டேன்." டிசைனுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு வருடமாக அந்தச் சைபர் என் தொண்டையில் நிற்கிறது.

என்ன பெரிய வித்தியாசம் என்று என் வீட்டிலும் கேட்டார்கள். எட்டாம் வாய்ப்பாட்டைக் குதித்துப் பார்த்தால்தான் புரியும். 8-இல் இருந்து 16-க்குப் போக ஒரு வரிசை கீழே, இரண்டு கட்டம் இடப்பக்கம். செஸ்ஸில் குதிரை பாய்வதும் இப்படித்தான். 24-க்கும் அதே பாய்ச்சல், 32-க்கும் அதே. அடுத்த பாய்ச்சலில் பிள்ளை பாய்க்கு வெளியே சிமெண்ட் தரையில் நிற்கும். 40 எங்கே என்றால், 32 இருக்கும் அதே வரிசையின் வலது கோடியில். 72-க்கு அப்புறம் மறுபடியும் இதே கதை. ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் மோசம். 9, 18, 27 என்று மூலைவாக்கில் படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கி வந்து 81-இல் முட்டிக்கொண்டு நிற்கும். 90 வலது கோடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். சைபரில் தொடங்கியிருந்தால் 40-உம் 90-உம் அந்தந்தப் பாய்ச்சலுக்கு நேராக, இடது ஓரக் கட்டத்தில் இருந்திருக்கும். சைபர் வைத்தாலும் 40-இல் இருந்து 48-க்கு வலப்பக்கம் ஓடத்தானே வேண்டும் என்று கேட்டால், ஆமாம், ஓடத்தான் வேண்டும். இருந்தாலும் வரிசையின் தலையில் நின்று நேராக எட்டுக் கட்டம் எண்ணிப் போவது வேறு, அந்தரத்தில் குதித்துவிட்டு முழிப்பது வேறு.

இதெல்லாம் போக, இந்தப் பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. வாய்க்குச் சுலபமானது காலுக்குச் சுலபமில்லை. ஐந்தாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் 5-இல் இருந்து 10-க்கு ஐந்தடி. எந்தப் பிள்ளை ஒரே தாவலில் போகும்? வாய்க்கு வராமல் அழவைக்கும் ஒன்பதுக்கு வேண்டியது பக்கத்து மூலைக்கு ஒரு சின்னக் குதி. ஏழு மட்டும் வாய்க்கும் கஷ்டம், காலுக்கும் கஷ்டம்: ஒரு வரிசை கீழே, மூன்று கட்டம் இடப்பக்கம். எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பையன் ஒருவன் இருக்கிறான், தெருவில் பந்து உதைக்கிறவன். ஏழில் அவனை அடிக்க ஆளில்லை. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று அவன் தாவும்போது, ஆங்கில வழிப் பிரிவுப் பிள்ளைகள் "செவன் டூஸார் ஃபோர்டீன்" என்று பின்பாட்டுப் பாடிக்கொண்டே ஜன்னலில் தொங்குவார்கள்.

தேய்மானத்தையும் சொல்லவேண்டும். பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் வரும் வெவ்வேறு விடைகள் 42 மட்டுமே. 12, 18, 24 எல்லாம் மை போய் வெளுத்துவிட்டன. 83, 89, 97 நேற்று அடித்தது போல மின்னுகின்றன. "டீச்சர், இதையெல்லாம் ஏன் யாருமே மிதிக்கல?" என்று ஒரு பெண் கேட்டாள். பகா எண்ணை அதைவிட நன்றாக நான் தொடங்கிவைத்ததில்லை.

குறைகள் வழக்கமானவைதான். ஈரக் காலோடு ஏறினால் வழுக்கும், நான்கு மூலையிலும் பிரவுன் டேப் ஒட்டியே ஆகவேண்டும். மொட்டை மாடியில் விரித்தால் காலை பத்து மணிக்கே பாதம் சுடும். மடித்து வைத்தால் மடிப்பில் மை உதிரும், பிவிசி பைப்பில் சுற்றித்தான் வைக்கவேண்டும். கடற்காற்றில் ஓர ரிங்குகள் எல்லாம் துரு. (2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்கு ஒழுகிய கூரையின் கீழ் புத்தக அலமாரியை மூடிக் காப்பாற்றியதும் இதே பாய்தான், அந்த நன்றி இருக்கிறது.) பெரிய குறை, ஒருவர் குதிக்க முப்பது பேர் காத்திருப்பது. கேள்வி கேட்பவர், விடை அட்டை பிடிப்பவர், "போங்காட்டம்" என்று கத்துபவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் பத்து நிமிடம்தான் தாங்கும்.

குதித்தால் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திடீரென்று "ஏழெட்டு?" என்று கேட்டால், என் வகுப்பில் பாதிப்பேர் முதலில் இருந்து மனசுக்குள் குதித்துத்தான் 56-க்கு வருகிறார்கள். அதனால் இப்போது வரிசையாகக் குதிப்பதைக் குறைத்துவிட்டேன். சில்லு போட்டு ஆடும் பாண்டி மாதிரி, கேள்வியைச் சொன்னதும் நேராக விடைக் கட்டத்தில் போய் நிற்கவேண்டும். இதில்தான் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது.

சரி, தைத்த கதை. அதே கடையில் 0, 10, 20 என்று 90 வரை ஓரடி அகலப் பட்டி ஒன்று அடித்தேன். "ஏற்கெனவே பாய்ல நாற்பது இருக்கே மேடம், ரெண்டு நாற்பது எதுக்கு?" என்றான் பையன். பதில் சொல்லவில்லை. தார்ப்பாய் அண்ணன் 150 ரூபாய்க்கு அதை இடது ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். தையல் இரும்பு மாதிரி. திங்கட்கிழமை விரித்தேன். எட்டாம் வாய்ப்பாட்டுக் குதிரை பாய்ந்து வந்து நாற்பதில் கச்சிதமாக இறங்கியது. இரண்டு வருடக் கனவு.

வகுப்பில் சத்தமே இல்லை. "டீச்சர், கடல் எங்க?" என்றது ஒரு குரல். எனக்கு அப்போதுதான் தெரிந்தது: பாய்க்கு வெளியே விழும் இடம் அவர்களுக்குக் கடலாம். 32-இல் இருந்து கடலில் குதித்து, நீந்துகிற மாதிரி கையை வீசிக்கொண்டு பாயைச் சுற்றி ஓடி, மறுகரையில் 40-இல் ஏறவேண்டுமாம். எட்டாம் வாய்ப்பாட்டை அவர்கள் விரும்பிக் கேட்டதே அதற்காகத்தானாம். வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குள் போவதற்குள் அந்தப் பட்டியைப் பாய்க்கு அடியில் மடித்துச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் டீச்சர், நீங்கள் அடிக்காதீர்கள். சாக்பீஸ் எடுத்து வராந்தாவில் நூறு கட்டம் போடுங்கள், ரெண்டு நாள் நிற்கும், காசு மிச்சம். இல்லை, அடித்தே தீருவேன் என்றால் பையன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முதல் கட்டத்தில் சைபர் விழுகிற வரை எழுந்திருக்காதீர்கள். கடலுக்கு நான் பொறுப்பில்லை.