மூன்றையும் வைத்துக் குடித்தனம்: ஐபோன், ஆண்ட்ராய்டு, லினக்ஸ்

ஐபோன் வாங்கலாமா, ஆண்ட்ராய்டு வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பட்ஜெட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் கையில் என்ன போன் இருக்கிறது, இதுவரை எடுத்த போட்டோக்களும் பைல்களும் எங்கே கிடக்கின்றன என்றுதான் கேட்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு வகைப் போனும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட ஒரு லேப்டாப்பும் வைத்துப் பல வருடம் புழங்கியதில் தெரிந்துகொண்டது இதுதான்: எந்தப் பொருளும் தன் வட்டத்துக்குள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது எடுத்துப் போகும்போதுதான் தகராறு.

நான் மெய்ப்புத் திருத்துபவன். வேளச்சேரியில் வீட்டிலிருந்தே வேலை. பதிப்பகங்கள் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம். என்னிடம் ஐபோன் எக்ஸ்ஆர், உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட லேப்டாப். அம்மாவிடம் விலை குறைந்த ஆண்ட்ராய்டு. அக்காவும் அவள் பையனும் ஆண்ட்ராய்டுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஆர் 2018-இல் வந்த மாடல். அடுத்த வருடமே நம் ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள் (விலை மட்டும் ஸ்ரீபெரும்புதூர் விலை இல்லை). ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 12-இல் தொடங்கிய போன் 18 வரைக்கும் ஏறி வந்தது. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோதுதான் இந்த மாடலைக் கழற்றிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் நான் அதில் எதையும் நோண்டவில்லை, நோண்ட வேண்டிய தேவையும் வரவில்லை. ஒரே கம்பெனி வன்பொருளையும் மென்பொருளையும் கையில் வைத்திருப்பதன் பலன் இது, மறுப்பதற்கில்லை.

இதே காலத்தில் அம்மாவுக்குப் போன் மாறிக்கொண்டே இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அப்டேட் நின்றுபோகும். பூட்டுத்திரையில் விளம்பரம், காய்கறிக் கணக்குப் பார்க்கக் கால்குலேட்டரைத் திறந்தால் உடனடிக் கடன் விளம்பரம், நாம் போடாத விளையாட்டு ஆப்கள். "நான் எதையும் தொடலைப்பா, அதுவா வருது" என்பார் அம்மா. நிஜமாகவே அதுவாகத்தான் வருகிறது. ஆண்ட்ராய்டு திறந்த அமைப்பு, யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறோம். அந்தச் சுதந்திரம் முதலில் போன் கம்பெனியின் கைக்குப் போகிறது, அம்மாவின் கைக்கு வருவதில்லை. 2023-இல் கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்த விலையில் அம்மா போன் வாங்கமாட்டார்.

சரி, தகராறுக்கு வருவோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக ஒரு ஸ்டூடியோவில் என் போனிலிருந்து படத்தைக் கொடுத்தேன். கடைப் பையன் இரண்டு முறை கிளிக் செய்து பார்த்துவிட்டு, "சார், இது ஜேபெக் இல்ல, ஓப்பன் ஆகல. வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றான். அனுப்பினால் திறக்கும், ஆனால் படம் நசுங்கிப் போகும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் கேமரா ஹெய்க் என்ற வடிவத்தில் படங்களைச் சேமிக்கிறது. இது ஆப்பிள் தனக்கென்று செய்துகொண்ட வடிவமும் இல்லை, எம்பெக் என்ற பன்னாட்டுத் தரக்குழு உருவாக்கிய பொதுத் தரம். ஆனால் கடைக் கணினியில் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லையென்றால் பொதுத் தரமாக இருந்து என்ன பயன்? கேமரா அமைப்புகளில் ஃபார்மட்ஸ் என்ற இடத்துக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் புதிதாக எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே சேமிக்கப்படும். ஐபோன் வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை இது, கடைக்காரர்கள் சொல்லித் தருவதில்லை.

வீட்டுக்குள் பைல் மாற்றுவதும் இதே கதைதான். ஐபோன்களுக்குள் ஏர்டிராப், ஆண்ட்ராய்டுகளுக்குள் குவிக் ஷேர். 2025 நவம்பரில் பிக்சல் 10-இல் தொடங்கி இரண்டும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் போன் இல்லை. அதனால் லோக்கல்சென்ட் என்ற இலவச ஆப்பை எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையமே வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டியதும் இல்லை. அக்கா பையனின் காலேஜ் வீடியோ என் லேப்டாப்புக்கு அதில்தான் வருகிறது. அழகு கம்மி, ஆனால் வேலை முடிந்துவிடும்.

எந்தப் போன் என்று பார்க்காமல் வேலை செய்யும் விஷயம் ஒன்று தெருவிலேயே இருக்கிறது. பூக்காரம்மா தள்ளுவண்டியில் ஒட்டியிருப்பது ஒரு கம்பெனியின் கியூஆர், நான் பணம் அனுப்புவது இன்னொரு கம்பெனியின் ஆப்பில், அவருடைய கணக்கு வேறு ஏதோ வங்கியில். 2016-இல் யுபிஐ வந்ததால் நடந்தது இது. அதற்குப் பிறகும் சில வருடம் கடைகளில் அந்தந்த வாலட்டுக்குத் தனித்தனி அட்டை தொங்கியது. தனக்கு மட்டும் வேலை செய்யும் கியூஆரைப் புதிதாகக் கொண்டுவரக் கூடாது, பழையதையும் 2022 மார்ச்சுக்குள் எல்லாருக்கும் பொதுவானதாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவு போட்டது. கம்பெனிகள் தாமாக மனமிரங்கித் திறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் தொழிலில் இந்தச் சண்டை இந்தப் போன்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இன்றும் மூத்த எழுத்தாளர்கள் சிலர் பழைய பைல்களைத் தருகிறார்கள். பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனி இருக்கை வரிசை வைத்திருந்தது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் படிக்க அதே எழுத்துருவை வாங்க வேண்டும்.

இப்போது அவற்றை எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற, ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். பெரும்பகுதி சரியாக வந்துவிடும். பழைய முறையில் கொம்பை முதலில் தட்டிவிட்டுப் பிறகு மெய்யைத் தட்டுவார்கள், யூனிகோடில் வரிசை தலைகீழ். அதனால் எங்காவது ஓர் ஒற்றைக்கொம்பு அனாதையாக நிற்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாகிவிடும். முன்னுரைக்கடியில் இருந்த ஒரு மின்னஞ்சல் முகவரி எந்த மொழியிலும் சேராத ஒரு சொல்லாக மாறியிருந்தது. மெய்ப்பில் அதைப் பிடித்ததற்கு எனக்கு நன்றியுரையில் இடம் கொடுத்தார்கள்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இதன் பலனை நான் தினமும் அனுபவிக்கிறேன். ஐபோனில் ஐஓஎஸ் 7 காலத்திலிருந்தே தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகை ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம், உபுண்டுவிலும் கிடைக்கிறது. மூன்றிலும் விரல் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. மூடிய போனையும் திறந்த லேப்டாப்பையும் மாற்றி மாற்றி எடுத்து நான் வேலை செய்ய முடிவது இதனால்தான்.

திறந்தது என்று பெயர் வாங்கியவை எல்லாம் அப்படியே இருப்பதும் இல்லை. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்ததுதான். ஆனால் பிளே ஸ்டோர், மேப்ஸ் எல்லாம் கூகுளின் பூட்டுக்குள். தன் ஆப்களை முன்கூட்டியே போட வைத்தது முதலான காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அம்மாவின் பழைய போன் ஒன்றில், ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலிருந்து தன்னார்வலர்கள் செய்யும் லினேஜ்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தேன். விளம்பரமெல்லாம் ஒழிந்து போன் சுத்தமாகிவிட்டது. ஆனால் வங்கி ஆப் 'இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல' என்று சொல்லித் திறக்க மறுத்தது. கடன் விளம்பரம் காட்டிய அதே போனில் அதற்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. இப்போது அந்தப் போன் சமையலறையில் பாட்டுப் பாடுகிறது.

இன்னொரு சிக்கல், திறந்த மென்பொருளை யாராவது சம்பளமில்லாமல் பராமரிக்க வேண்டும். குறிப்புகளை எல்லாக் கருவிக்கும் ஒத்திசைக்க சிங்க்திங் என்ற திறந்த மென்பொருளைப் பழகினேன். அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வேறு சிலர் பிரித்தெடுத்து நடத்தும் பதிப்பு இருக்கிறது, அதற்கு மாறலாம். என்னால் முடியும். அக்காவிடம் இதையெல்லாம் செய்யச் சொல்ல முடியுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வேளச்சேரியில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. என் ஐபோன் அப்போது டார்ச் லைட்தான். அம்மாவின் மலிவுப் போனில் ஒயர் இயர்போனைச் சொருகினால் அதுவே ஆன்டெனா, ரெயின்போ எஃப்எம் 101.4 கேட்டது. இணையமோ கணக்கோ பாஸ்வேர்டோ எதுவும் கேட்கவில்லை. எஃப்எம் வசதியை அணைத்து வைக்க வேண்டாம் என்று மத்திய அரசு அந்த வருடம்தான் போன் கம்பெனிகளிடம் சொல்லியிருந்தது. ஐபோனில் அந்த வசதி கிடையாது.

எக்ஸ்ஆரை இனி அதிக நாள் இழுக்க முடியாது. அடுத்ததும் ஐபோனாகத்தான் இருக்கும், 15 அல்லது அதற்குப் பிந்தையது, டைப்-சி இருப்பதால். வீட்டில் எல்லாருடைய சார்ஜரும் எனக்கும் உதவும். குறிப்புகளை மட்டும் எந்த ஆப்பிலும் விடாமல் வெறும் டெக்ஸ்ட் பைலாக லேப்டாப்பில் வைத்துக்கொள்கிறேன். முன்பு வைத்திருந்த ஒரு குறிப்பு ஆப், வெளியே எடுக்கக் கேட்டால் பிடிஎஃப் மட்டுமே கொடுத்தது. அம்மாவுக்கும் புதுப் போன் பார்க்கிறேன். அவர் கேட்பது எஃப்எம், எனக்குத் தேவை விளம்பரமில்லாத கால்குலேட்டர். "இயர்போன் ஓட்டை இருக்கிற மாடலா சார்? ரெண்டு மூணுதான் இருக்கு" என்றார் கடைக்காரர். அதில் ஒன்றை வாங்கி, விளம்பரத்தை அமைப்புகளில் ஒவ்வொன்றாகத் தேடி அணைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.