என்பிஏ ஆண்டுச் சந்தா: முழுப் பருவத்துக்கும் பணம் கட்டலாமா?

அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் சந்தாவைச் சிங்கப்பூரில் எடுப்பவர் முதலில் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். நியூயார்க்கில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் குளிர்கால ஆட்டம் இங்கே மறுநாள் காலை எட்டரைக்கு வரும். முதல் பாதியை எம்ஆர்டி ரயிலில் பார்த்துவிட்டு, முடிவு காதில் விழாமல் மாலைவரை தப்பித்து, மீதியை வீட்டில் பார்ப்பது பழைய ரசிகர்கள் பலருக்கும் பழகிய வழக்கம்தான். படத்தின் தெளிவிலும் பழைய ஆட்டங்களின் தொகுப்பிலும் எனக்குக் குறையில்லை. வழக்கமான பருவத்தின் ஆட்டங்கள்தாம் அவ்வளவு பணம் பெறுமா என்று யோசிக்க வைக்கின்றன.

அப்பாலிருந்து எறிந்து விழுந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு அறிமுகமான 1979-80 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2024-25 பருவத்தில் அந்தச் சராசரி 37-ஐத் தாண்டியது, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோ 48 முறை எறிந்தது. தொலைவிலிருந்து நூற்றுக்கு 36 விழுந்தாலே அது இரண்டு புள்ளி வீச்சில் 54 விழுவதற்குச் சமம் என்பதால், பயிற்றுநர்களைக் குறைகூற வழியில்லை. ஆனால் கணக்கு எல்லா அணிகளுக்கும் பொதுவானது; அதனால் ஆட்டமும் பொதுவாகிவிட்டது. தொண்ணூறுகளில் ஹியூஸ்டன் அணியின் ஹக்கீம் ஒலாஜுவான் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு தோளை அசைத்து, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில் மறுபக்கம் சுழன்று எறிவார். சான் அன்டோனியோ அணியின் டிம் டங்கன் ஓரத்திலிருந்து பந்தைப் பலகையில் தட்டி விழவைப்பார். சட்டையின் நிறம் தெரியாவிட்டாலும் எந்த அணி ஆடுகிறது என்று அன்று சொல்ல முடிந்தது. இன்றைய முறை பொய்த்துப்போகும் நாளில் பார்வையாளருக்கு வேறெதுவும் மிஞ்சுவதில்லை: 2018 மேற்கு மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹியூஸ்டன் அணி தொடர்ந்து 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டது.

இரண்டாவது குறை ஓய்வு. வழக்கமான பருவத்தில் ஓர் அணி ஆடும் 82 ஆட்டங்கள் உடலை வாட்டும் என்பது உண்மையே. ஆயினும் பணம் கட்டியவர் காலையில் செயலியைத் திறந்ததும் நட்சத்திர ஆட்டக்காரர் இன்று ஆடமாட்டார் என்ற அறிவிப்பைப் பார்ப்பது எரிச்சலூட்டுகிறது. முக்கிய ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியதற்காக 2012-இல் சான் அன்டோனியோ அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2023-24 முதல், பெரிய விருதுகளைப் பெற 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. பருவத்தின் நட்சத்திரங்கள் கூடி ஆடும் காட்சி ஆட்டம், தடுப்பாரே இல்லாததுபோல் 2024-இல் 211-186 என்று முடிந்தது; அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

திறமை குறைந்துவிட்டது என்று கோப்பிக்கடையில் அடித்துப் பேசும் நண்பர்களோடு மட்டும் நான் உடன்படுவதில்லை. மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற, டென்வர் அணியின் நடு ஆட்டக்காரரான (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) நிகோலா யோக்கிச், ஓடிவரும் சக வீரரைத் திரும்பிப் பார்க்காமலே பந்தை அவர் கைக்குச் சேர்ப்பதுபோல் அந்தக் கால நடு ஆட்டக்காரர்கள் எவரும் செய்து நான் கண்டதில்லை.

ஆகவே ஆண்டுச் சந்தா வேண்டாம். மாதக் கட்டணத்தில் கிடைத்தால், வழக்கமான பருவம் முடிந்து கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள் தொடங்கும் ஏப்ரல் நடுப்பகுதியில் எடுத்து, இறுதிச் சுற்று முடிந்ததும் நிறுத்திவிடலாம். ஒரே எதிரணியை ஏழு ஆட்டங்கள்வரை சந்திக்கும் அந்த வாரங்களில் நட்சத்திரங்கள் ஓய்வெடுப்பதில்லை, பயிற்றுநர்களும் உத்தியை மாற்றியாக வேண்டியிருக்கிறது; இறுதிச் சுற்று ஜூன் பள்ளி விடுமுறையில் வருவதால் பிள்ளைகளோடு காலைப் பசியாறியபடியே பார்க்கலாம்.