ஜெசிக்கா ஃபாக்ஸ் வளர்ந்த நீரில்: பென்ரித் ஒயிட்வாட்டர் ஸ்டேடியம்

சிட்னிக்கு மேற்கே உள்ள பென்ரித் ஒயிட்வாட்டர் ஸ்டேடியம் 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகளுக்காக, அதாவது பாயும் நீரில் தொங்கும் கோல்களுக்கிடையே சிறு படகைச் செலுத்தும் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 320 மீட்டர் நீளமும் 5.5 மீட்டர் இறக்கமும் கொண்ட அந்தச் செயற்கை ஆற்றில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவருடன் ரப்பர் படகில் இறங்கலாம். நான் அங்கே சென்றதற்குச் சாகச ஆசை காரணமன்று. ஸ்லாலத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய வீராங்கனை ஜெசிக்கா ஃபாக்ஸ் சிறு வயது முதல் துடுப்புப் பிடித்துப் பழகிய நீர் அது என்பதே காரணம்.

1994இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தவர் ஜெசிக்கா. தந்தை ரிச்சர்ட் ஃபாக்ஸ், பிரிட்டனுக்காகக் கயாக்கில் (அமர்ந்தபடி, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் படகு) பலமுறை உலகச் சாம்பியன் ஆனவர். தாய் மிரியம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரான்சுக்காக வெண்கலம் வென்றவர். சிட்னி ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரேலிய அணியை ஆயத்தப்படுத்தும் பணி தந்தைக்குக் கிடைத்ததால், ஜெசிக்காவுக்கு நான்கு வயதானபோது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் தாயே அவருக்குப் பயிற்சியாளரானார்.

எங்கள் முறைக்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று கரையில் அமர்ந்தேன். அங்கே செல்லும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது. நீருக்கு மேலே கம்பியில் இணையிணையாகக் கோல்கள் தொங்குகின்றன. ஒவ்வோர் இணையும் ஒரு வாயில். பச்சை வெள்ளைக் கோல்களின் நடுவே நீரோடு இறங்க வேண்டும். சிவப்பு வெள்ளைக் கோல்களுக்கிடையே, கீழே சென்று படகைத் திருப்பி, நீரை எதிர்த்து ஏற வேண்டும். கோலில் உடலோ துடுப்போ உரசினால் இரண்டு நொடி தண்டம், அது ஓட்ட நேரத்தோடு கூட்டப்படும். ஒரு வாயிலையே தவறவிட்டால் ஐம்பது நொடி. பயிற்சியில் இருந்த ஒரு சிறுமி சிவப்புக் கோலருகே வந்ததும், துடுப்பை நீரில் ஊன்றி, தலையைச் சாய்த்து, தோளைக் கோலுக்கடியில் நுழைத்து, படகின் பின்முனையை அமிழ்த்தி ஒரே சுழற்சியில் திரும்பியதை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் முறை வந்தது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிவித்து, நீரில் விழுந்தால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதை வழிகாட்டி பொறுமையாக இருமுறை விளக்கினார். இரண்டாம் சுற்றில், பாறைபோல் நிறுத்தப்பட்டிருந்த தடுப்பு ஒன்றின் பின்னே நீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும் இடத்தில் படகு அகப்பட்டுக்கொண்டது. ஆறு பேரும் முழு வலுவுடன் துடுப்பு வலித்தும் அது நகரவில்லை. ஜெசிக்கா இத்தகைய இடத்தில்தான் சிவப்பு வாயிலை முடித்து, ஓரிரு வீச்சில் மீண்டும் நீரோட்டத்தில் சேர்ந்துவிடுகிறார் என்பது அப்போதுதான் என் கைகளுக்குப் புரிந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கின் கயாக் இறுதிச் சுற்றும் அதன் பிறகே எனக்கு விளங்கியது. 2012இல் வெள்ளியும் 2016இல் வெண்கலமும் பெற்றிருந்த அவர், அங்கே இரண்டு வாயில்களில் உரசி நான்கு நொடி தண்டம் பெற்று மூன்றாமிடம் வந்தார். அந்த நான்கு நொடி இல்லையென்றால் தங்கம் அவருடையது. இரண்டே நாளில், பெண்களுக்காக முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட கனூ பிரிவில், முழந்தாளிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தித் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸில் இரு பிரிவுகளிலும் தங்கம் அவருக்கே. தங்கை நோயமியும், பலர் ஒரே நேரத்தில் மோதும் கயாக் கிராஸ் பிரிவில் அங்கே தங்கம் வென்றார்.

சுற்று முடிந்ததும் படகிலிருந்து இறங்காமலே நகரும் பட்டை ஒன்று நம்மை மேல் குளத்துக்கு ஏற்றிச் செல்கிறது. இந்த ஏற்பாடு மிகச் சிறப்பானது. நாங்கள் முன்பதிவு செய்த ஓர் இடைத்தரகு இணையத்தளம் மட்டும் மாற்றுடை பற்றியோ கட்டிய காலணி பற்றியோ ஒரு சொல்லும் தெரிவிக்காததால், நண்பர் ஒருவர் செருப்புடன் வந்து தவித்தார். நிலையத்தின் சொந்தத் தளத்தில் பதிவு செய்வதே நல்லது. முன்வரிசையில் அமர்ந்தால் அலை நேராக முகத்தில் அறையும். நீரின் போக்கைக் கவனிக்க விரும்புவோர் வழிகாட்டிக்கு அருகே, பின்வரிசையில் அமரலாம்.